லெட்சுமி, லெச்சுமி, லெச்சமி

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் ஒரு படிக்கட்டு வரும். அதற்குக் கீழே, எட்டடி அகலத்தில், எனக்கு ஒரு கொமினிகேஷன் இருக்கிறது. போட்டோ கொப்பி, லெமினேட்டிங், ரீலோட், அப்புறம் படிவம் நிரப்புவது. கடைசியாகச் சொன்னதை எழுதப் பலகையில் இடமில்லை, ஆனால் பாதி வருமானம் அதில்தான். தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாள் காலை எட்டரைக்கே பெஞ்சு நிறைந்துவிடும். பைக்குள் இன்னொரு பை, அதற்குள் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன கடதாசிகள். "இதில எது வேணும்னு நீயே பாரு தங்கச்சி" என்று மொத்தத்தையும் மேசையில் கொட்டுவார்கள்.

இந்த டின் பழக்கம், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த எங்கள் ஆட்களுக்குச் சும்மா வந்ததல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் தாத்தாமாரைப் பார்த்து, இந்த நாட்டுக்காரன் என்பதற்குக் கடதாசியைக் காட்டு என்றது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் யார் இந்தியாவுக்குப் போவது யார் இங்கே இருப்பது என்று தலையை எண்ணிப் பிரித்தது. அந்த வருடம் ஒக்டோபர் 30 முதல் இங்கேயே நிரந்தரமாக இருந்தவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை என்று ஒரு சட்டம் 2003இல்தான் வந்தது. அதனால் எங்கள் வீட்டில் பழைய பஸ் டிக்கட்டைக்கூட யோசித்துத்தான் எறிவோம்.

சேர்த்து வைப்பது ஒரு பக்கம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது இன்னொரு பக்கம். எனக்கு இரண்டாவது பக்கத்தைக் கற்றுத் தந்தது அம்மாவின் ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதிக் காசு.

அம்மாவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. லெட்சுமி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் இருந்தது, அதை வாசித்தால் "லெச்சமி". அடையாள அட்டையில் "லெட்சுமி". தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலை நாளும் சம்பளமும் எழுதும் பேரேட்டில், "லெச்சுமி", அதுவும் அப்பாவின் பெயரைச் சேர்த்து. மூன்றையும் எழுதியது மூன்று பேர். பிறப்பைச் சொன்னது தோட்ட நிர்வாகம், எழுதியது பதிவாளர். செக்ரோலில் எழுதியது அன்றைய கிளாக்கர். பெயருக்குச் சொந்தக்காரி மட்டும் மூன்று தடவையும் பக்கத்தில் இல்லை. முதல் தடவை தொட்டிலில். மற்ற இரண்டு தடவையும் மலையில், முதுகில் கூடையோடு.

அம்மா 26 வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் சம்பளத்தில் 8 சதவீதம் பிடித்தார்கள், அதோடு முதலாளி பக்கம் 12 சதவீதம் போட வேண்டும். இது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். ஊழியர் நம்பிக்கை நிதி என்கிற ஈ.டி.எஃப். வேறு. அதற்கு முதலாளி மட்டும் 3 சதவீதம், நம் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுப் போகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். வேலையை விட்டு விலகிய பெண்ணுக்கு 50 வயதிலும் ஆணுக்கு 55 வயதிலும் ஈ.பி.எஃப். எடுக்கலாம். கலியாணத்துக்காக வேலையை விட்ட பெண்ணும் எடுக்கலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

மூன்றாவது, பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு இது உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய கணக்கில். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினால் மேலதிகமாகச் சேர்த்துக் கட்ட வேண்டும். அம்மாவுக்கு 26 தர 14, ஆக 364 நாள் சம்பளம். ஒரு முழு வருடம் மலை ஏறாமலே கிடைக்கிற சம்பளம் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. "ஏறாத நாளுக்கு எவன் பேர் போடுவான்?" என்றார்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் காசு நின்றது, ஒரு "ட்"டும் ஒரு "ச்"சும் சண்டை போட்டதால். மூன்று தடவை பஸ் ஏறிப் போனோம். கவுன்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார்: இந்த மூவரும் ஒரே ஆள் என்பதற்கு என்ன அத்தாட்சி?

அங்கேதான் சத்தியக் கடதாசி வருகிறது. எங்கள் பக்கம் அதற்கு ஒரு மந்திரக் காகிதம் மாதிரிப் பேர். எது சிக்கினாலும் "ஒரு அபிடவிட் அடிச்சுக் குடுங்க" என்று வந்துவிடுவார்கள். உண்மையில் அது நீங்கள் சொல்கிற ஒரு வாக்குமூலம், அவ்வளவுதான். சமாதான நீதவானுக்கோ சத்தியப் பிரமாண ஆணையாளருக்கோ முன்னால், "இது உண்மை" என்று பொறுப்பேற்றுக் கையெழுத்திடுகிறீர்கள். கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்வார்கள், நாங்கள் உறுதிமொழி சொல்வோம். பொய் என்றால் குற்றம். அதைக் காட்டி, "லெச்சமி, லெட்சுமி, லெச்சுமி மூவரும் நானே" என்று ஒரு காரியாலயத்தை நம்ப வைக்கலாம். ஆனால் அதனால் பிறப்புப் பதிவேட்டில் ஒரு புள்ளிகூட நகராது. அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. கிராம சேவகரின் கடிதம், அதில் பிரதேச செயலகத்தின் மேலொப்பம், கூடவே சத்தியக் கடதாசி, எல்லாம் சேர்த்துக் கொடுத்த பிறகு காசு வந்தது.

பதிவேட்டையே திருத்த வேண்டுமென்றால் வழி வேறு. அதற்கென்று ஒரு பிரகடனப் படிவம் உண்டு. பாடசாலை விடுகைப் பத்திரம், ஞானஸ்நானம் எடுத்தவர் என்றால் அந்தச் சான்றிதழ் என்று பழைய அத்தாட்சிகளோடு அதைப் பிரதேச செயலகத்தில் இருக்கிற மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். பிள்ளை சின்னதாக இருக்கும்போதே செய்துவிட்டால் வேலை சுலபம். அந்தப் பெயரில் சாதாரண தரச் சான்றிதழ், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு என்று வந்த பிறகு செய்தால் ஒன்றைத் திருத்த நாலைத் திருத்த வேண்டிவரும். அதைவிடச் சுலபமானது, பிறந்து 42 நாளுக்குள் பதியப் போகும்போதே எழுத்தைப் பார்த்துக் கையெழுத்திடுவது.

இதில் என் தொழில் ரகசியம் ஒன்று. அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே பிறந்த நாள் இருக்கிறது. பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 1985 பெப்ரவரி 1 பிறந்த பெண்ணின் இலக்கம் 85532 என்று தொடங்கும். 2016 முதல் வருகிற பன்னிரண்டு இலக்க அட்டையில் வருடம் முழுதாக இருக்கும், மற்றபடி அதே கணக்குத்தான். பிறப்புச் சான்றிதழும் அட்டையும் ஒத்துப்போகிறதா என்று நான் ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன். வாடிக்கையாளர்கள் எனக்கு ஜோசியம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

அப்பா கதை வேறு. தோட்ட வேலையை விட்டு டவுனில் ஒரு சில்லறைக் கடை போட்டார். மூன்று வருடத்துக்கு என்று பேசி, கையில் இருந்ததையும் அத்தையின் சங்கிலியையும் சேர்த்து முற்பணம் கொடுத்தார். ஒப்பந்தம் டைப் அடித்து, முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்டு, பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. பதினாலாவது மாதத்தில் கட்டடக்காரர் கடையைக் காலி பண்ணச் சொன்னார். அப்பா அந்தக் கடதாசியைத் தூக்கிக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போனார். நானும் கூடப் போனேன். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த காலம். அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நொத்தாரிசு எங்கே?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்.

இந்த நாட்டில் 1840இல் போட்ட ஒரு கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், 7ஆம் இலக்கம். காணி, கட்டடம் சம்பந்தமாக விற்பது, ஈடு வைப்பது, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, எதுவானாலும் எழுத்தில், நொத்தாரிசு (பத்திரம் எழுதி அத்தாட்சிப்படுத்த உரிமை பெற்றவர்) முன்னிலையில், இரண்டு சாட்சியோடு முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணுக்கு அது செல்லாது. அப்பாவின் மூன்று வருடம் சட்டப்படி மாதா மாத வாடகைதான். முத்திரை ஒட்டினால் பத்திரமாகிவிடும் என்பது எங்கள் ஊரில் பெரிய நம்பிக்கை. முத்திரை என்பது அரசாங்கத்துக்குக் கட்டும் காசுக்கு அடையாளம், வேறொன்றுமில்லை.

கடையை விட்டுவிட்டோம். முற்பணத்துக்காக மத்தியஸ்த சபைக்குப் போனோம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த சபை அது. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட காசுப் பிணக்குகள் நீதிமன்றத்துக்குப் போகுமுன் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை. எங்களுக்கு அது ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. அப்பாவும் கட்டடக்காரரும் நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. மூன்றில் இரண்டு பங்கு திரும்பக் கிடைத்தது. அத்தையின் சங்கிலிக்கு அது போதாது.

அந்தக் கடையின் இன்னொரு பாடம் கடன் கொப்பி. ஒரு பெரிய ரூல் கொப்பி நிறைய அரிசி, மா, சீனி, பால்மா. கடையை மூடியபோது அதில் நின்ற காசைக் கூட்டிப் பார்த்து அப்பாவுக்குத் தலை சுற்றியது. ஆனால் அதில் பாதிக்கு மேல் இரண்டு வருடப் பழசு. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி கடைக் கணக்குக் கடனுக்கு ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஒரு வருடம்தான்! எழுத்தில் இல்லாத மற்ற வாக்குறுதிகளுக்கு மூன்று வருடம், எழுதிக் கையெழுத்திட்டதற்கு ஆறு வருடம். இதெல்லாம் தெரிந்திருந்தால் அப்பா சம்பள நாளில் கொப்பியை நீட்டி, "இவ்வளவு பாக்கி நிற்கிறது" என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் வாங்கியிருப்பார். கடன்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் காலக் கணக்கு அன்றிலிருந்து புதிதாக ஓடும். இப்போது என் கடைக்கு வருகிற சில்லறைக் கடைக்காரர்களுக்கெல்லாம் இதைச் சொல்லுகிறேன். "கையெழுத்துக் கேட்டால் அடுத்த கடைக்குப் போயிடுவாங்க அக்கா" என்கிறார்கள். அதுவும் நியாயம்தான்.

கடன் வாங்குகிற பக்கம் நிற்பவருக்கு ஒன்றே ஒன்று. தொகை எழுதாத புரோ நோட்டில் கையெழுத்து வேண்டாம். வட்டிக்குக் கொடுக்கிறவர் எழுதி வாங்கும் நோட்டில் கொடுத்த முதல், முன்கூட்டியே கழித்த வட்டி, வட்டி வீதம் மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்று 1918ஆம் ஆண்டிலேயே சட்டம் இருக்கிறது. பிணை நிற்பதும் சும்மா பேருக்கு நிற்பதல்ல. அவர் கட்டாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம்.

காணி விஷயத்துக்கு வந்தால் எனக்குக் கொஞ்சம் சூடு ஏறும். பெஞ்சில் உட்கார்ந்து, "பத்து வருசம் இருந்தா இடம் சொந்தம்னு சட்டம் இருக்காமே, நாங்க நாலு தலைமுறையா இந்த லயத்தில இருக்கோம்" என்று கேட்பவர்கள் அநேகம். லயம் என்பது தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு. சட்டம் இருப்பது உண்மை. அதே 1871ஆம் ஆண்டுச் சட்டம்தான். ஆனால் அது அரசு நிலத்துக்கு எதிராக ஓடாது. பெருந்தோட்டங்கள் 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் அரசின் கைக்குப் போனவை. 1992இல் கம்பனிகளுக்குக் கைமாறியது நிர்வாகம், நிலம் அல்ல. ஆக டவுனில் யாரோ ஒருவரின் காணியில் பத்து வருடம் தன் சொந்தம்போல இருந்தவர் நீதிமன்றம் போகலாம், நூறு வருடம் லயத்தில் இருந்தவர் போக முடியாது. இதை விளக்கிச் சொல்லும் ஒவ்வொரு தடவையும், சட்டம் எழுதியவனே நான்தான் என்பதுபோல எதிரில் இருப்பவர் என்னைப் பார்ப்பார்.

லயத்து அறையையும் பக்கத்தில் இறக்கிய கூரையையும் "விற்று", வெள்ளைத் தாளில் எழுதிக் கைமாற்றுவதும் நடக்கிறது. கையில் இல்லாத உரிமையை எவ்வளவு நல்ல கையெழுத்தில் எழுதினாலும் கொடுக்க முடியாது. தோட்ட நிர்வாகம் தருகிற சம்மதக் கடிதமும் உறுதி, அதாவது காணிப் பத்திரம், அல்ல. ஏழு பேர்ச், பத்து பேர்ச் காணியில் புது வீடு கிடைத்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, "சாவி எப்போது?" என்பது மட்டுமல்ல, "உறுதி யார் பெயரில், காணிப் பதிவகத்தில் பதிந்தாயிற்றா?" என்பதும்தான். கணவன் பெயரில் மட்டுமா, இருவர் பெயரிலுமா என்று கேட்கிற பெண்களுக்கு நான் படிவம் இலவசமாக நிரப்பிக் கொடுப்பதுண்டு.

டவுனில் காசு கொடுத்துக் காணி வாங்குகிறவர்களுக்கும் பதிவு முக்கியம். நொத்தாரிசு எழுதுவது வேறு, காணிப் பதிவகத்தில் பதிவது வேறு. அவர் தன் பிரதியை அங்கே அனுப்பி வைப்பதைப் பதிவு என்று நினைக்கக் கூடாது. ஒரே காணியை ஒருவர் இரண்டு பேருக்கு விற்றால், பின்னால் வாங்கினாலும் விலை கொடுத்து நேர்மையாக வாங்கி முதலில் பதிந்தவர் கை ஓங்கும். அதனால் வாங்குமுன் பதிவகத்தில் அந்தக் காணியின் பக்கத்தைத் தேடிப் பாருங்கள், வாங்கியதும் அன்றைக்கே பதியக் கொடுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். மலையகத்தில் இருப்பதால் நமக்குக் கண்டிச் சட்டமா என்று ஒரு ஆசிரியரே கேட்டார். இல்லை, அது கண்டிச் சிங்களவருக்கு. தேசவழமை வடக்குத் தமிழருக்கு. நமக்குப் பொதுச் சட்டம். மரண சாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் பாதி வாழ்க்கைத் துணைக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக, ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்காமல். ஆனால் "துணை" என்று நிரூபிக்க விவாகப் பதிவுதான் சிறந்த அத்தாட்சி. கோயிலில் தாலி கட்டியதோடு விட்டவர்கள் விதவையான பிறகு என் பெஞ்சில் வந்து உட்காருவது எனக்குப் பிடிக்காத காட்சி. வெளிநாட்டில் இருக்கிற மகள் அனுப்பிய அற்றோனித் தத்துவம் (தனக்குப் பதிலாகச் செயல்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) கையில் இருக்கிறது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: எழுதிக் கொடுத்தவர் இறந்த நிமிடம் அதுவும் இறந்துவிடும்.

என் கடைக்கு என்ன கடதாசி என்று கேட்பீர்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிவு, உள்ளூர் சபையின் அனுமதிப் பத்திரம், நொத்தாரிசு எழுதிய குத்தகை. கம்பனி அல்ல. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரே ஆள் கம்பனி தொடங்கலாம்தான், ஆனால் ஒரு போட்டோ கொப்பி மெஷினுக்கு அவ்வளவு எதற்கு?

இவ்வளவும் சொல்லிவிட்டு என் பிழையைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. நாலு வருடத்துக்கு முன் ஒரு பையனின் அடையாள அட்டை விண்ணப்பம். பதினைந்து வயது, பள்ளிக்கூடம் மூலம் போக வேண்டியது, நிரப்பியது நான். நல்ல மழை, கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது, பெஞ்சில் ஒன்பது பேர். அவன் அப்பாவின் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை, அட்டையும் வந்துவிட்டது. அட்டையைப் பார்த்து அவன் அம்மா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. டின்னைத் திறந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து, அட்டைக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் இரண்டையும் காட்டினார். அந்தக் கிளாக்கரையும் பதிவாளரையும் நான் எத்தனை வருடம் திட்டியிருப்பேன்!

திருத்தத்துக்கான செலவை நானே கட்டினேன். இப்போது படிவத்தை அனுப்புமுன் கணினித் திரையைத் திருப்பி வைத்து, வாசிக்கத் தெரிந்தவர்களை வாசிக்கச் சொல்கிறேன், தெரியாதவர்களுக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன். அந்தப் பையன் உயர்தரம் படிக்கிறான். ட்யூட், அதாவது ட்யூஷன் பாடக் குறிப்பு, கொப்பி எடுக்க வாரத்துக்கு இரண்டு தடவை வருவான். கடையில் எத்தனை பேர் இருந்தாலும், அப்பாவின் பெயரை எழுத்து எழுத்தாகச் சத்தமாக எனக்குச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவான்.